ஒரே ஷார்ப், இரண்டு ஸ்கேல்: கீ சிக்னேச்சர் படிப்பது எப்படி

டிசம்பர் நெருங்கினால் குன்னூர், கோத்தகிரி பக்கம் கீபோர்டில் இரண்டு கார்டு (சேர்த்து அமுக்கும் ஸ்வரக் கூட்டு) பிடிக்கத் தெரிந்தவருக்குக்கூட கிராக்கிதான். கேரல் ரவுண்ட்ஸுக்கு ஆள் வேண்டும் என்று ஒரு ஜெராக்ஸ் நோட்டேஷனைக் கையில் திணித்துவிடுவார்கள், வரியின் தொடக்கத்தில் இருக்கிற சுருள் குறி, அதாவது ட்ரெபிள் கிளெஃப் பக்கத்தில் நாலு ஷார்ப் ஒட்டிக்கொண்டிருக்கும், உடனே கை சுருதியை மாற்றித் தருகிற ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தேடும். பட்டன் அமுக்குவது தப்பில்லை. ஆனால் பழைய பியானோ மட்டும் இருக்கிற சர்ச்சில் பட்டனுக்கு எங்கே போவது? கட்டைகளின் பெயர் தெரிந்தால் போதும், மீதியை இங்கே பார்த்துவிடலாம்.

படி 1: எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள்

கிளெஃப்புக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கிற ஷார்ப் அல்லது ஃப்ளாட் கூட்டம்தான் கீ சிக்னேச்சர். அது எந்தக் கோட்டில், எந்த இடைவெளியில் இருக்கிறதோ அந்த ஸ்வரம் பாட்டு முழுக்க மாறும், மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயி எல்லாவற்றிலும்: ஷார்ப் என்றால் அரை ஸ்வரம் மேலே, ஃப்ளாட் என்றால் அரை ஸ்வரம் கீழே. ஷார்ப் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும்: எஃப், சி, ஜி, டி, ஏ, இ, பி. இதையே பின்னாலிருந்து படித்தால் ஃப்ளாட் வரிசை: பி, இ, ஏ, டி, ஜி, சி, எஃப். இதை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு வழியில்லை. ஒரு ஷார்ப் என்றாலே அது எஃப் ஷார்ப்தான்.

படி 2: மேஜரைக் கண்டுபிடியுங்கள்

மேஜர், மைனர் என்பவை இரண்டு வகை ஸ்கேல், அதாவது ஸ்வர வரிசை; அது தொடங்குகிற ஸ்வரத்தின் பெயர்தான் கீயின் பெயர். ஷார்ப் என்றால் கடைசி ஷார்ப்பைப் பார்த்து அதற்கு அடுத்த கட்டைக்கு, அதாவது அரை ஸ்வரம் மேலே, ஏறுங்கள். ஒரு ஷார்ப்: எஃப் ஷார்ப்புக்கு மேலே ஜி, ஆக ஜி மேஜர். நாலு ஷார்ப்: கடைசி டி ஷார்ப், மேலே இ, ஆக இ மேஜர். ஃப்ளாட் என்றால் இன்னும் சுலபம், கடைசிக்கு முந்தின ஃப்ளாட்டின் பெயரே கீயின் பெயர். பி, இ, ஏ என்று மூன்று இருந்தால் இ ஃப்ளாட் மேஜர். ஒரே ஒரு ஃப்ளாட் இருந்தால் முந்தினது கிடையாதே, அது எஃப் மேஜர். ஒன்றுமே இல்லையென்றால் சி மேஜர்.

படி 3: அதன் ஜோடி மைனர்

ஒவ்வொரு மேஜருக்கும் அதே கீ சிக்னேச்சரோடு ஒரு மைனர் உண்டு. மேஜரிலிருந்து கருப்பு, வெள்ளை எதையும் விடாமல் மூன்று கட்டை கீழே இறங்குங்கள். ஜியிலிருந்து எஃப் ஷார்ப், எஃப், இ. ஆக இ மைனர். ஜியையே ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் எஃப்பில் போய் நின்றுவிடுவீர்கள், கவனம். சரிபார்க்க ஒரு வழி: எழுத்தை மட்டும் எண்ணினால் ஜி, எஃப், இ என்று மூன்றாவது எழுத்தாக வரவேண்டும். அதனால்தான் ஏ மேஜருக்கு ஜோடி எஃப் ஷார்ப் மைனர். அதே கட்டைதான் என்றாலும் ஜி ஃப்ளாட் என்று எழுதக்கூடாது.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவர்களுக்கு இது புதிதே இல்லை. சங்கராபரணத்தின் தைவதத்தை ஸட்ஜமாக வைத்து கிரகபேதம் செய்தால் நடபைரவி வருகிறதல்லவா? அதேதான். சங்கராபரணம் மேஜர் ஸ்கேல், நடபைரவி நேச்சுரல் மைனர்.

படி 4: மேஜரா மைனரா?

இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள், ஏனென்றால் இரண்டுக்கும் கீ சிக்னேச்சர் ஒன்றே. அது எந்தெந்த ஸ்வரம் என்று மட்டும்தான் சொல்லும், எது ஸட்ஜம் என்று சொல்லாது. கோத்தகிரி மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓடுகிற பஸ்ஸை நடுவழியில் பார்த்தால் எந்த ஊர் வண்டி என்று தெரியாது, நைட் ஹால்ட் எங்கே என்று பார்த்தால் தெரிந்துவிடும். பாட்டும் எங்கே வந்து நிற்கிறது, கடைசி பேஸ் ஸ்வரம் (எல்லாவற்றுக்கும் கீழே ஒலிப்பது) எது என்று பாருங்கள்.

இதற்கு நல்ல உதாரணம், 1857இல் ஜான் ஹென்றி ஹாப்கின்ஸ் எழுதிய ‘வீ த்ரீ கிங்ஸ்’ கேரல். ஒரு ஷார்ப் போட்ட தாளை எடுங்கள். முதல் வரி பி, ஏ, ஜி, இ, எஃப் ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், இ. வந்து நிற்பது இ, அதாவது இ மைனர். பல்லவி வந்ததும் முகம் மலர்ந்த மாதிரி இருக்கும், முடிவதும் ஜியில். இடையில் கீ சிக்னேச்சர் மாறவே இல்லை.

இன்னொரு தடயம். இ மைனர் பகுதிக்கு பி மேஜர் கார்டு பிடித்தால் டி ஷார்ப் வரும், ஆனால் கிளெஃப் பக்கத்தில் அதைப் போடமாட்டார்கள், ஸ்வரத்துக்கு முன்னாலேயே தனியாகப் போடுவார்கள். இது ஹார்மோனிக் மைனர், நம் கீரவாணி. அப்படி ஒரு ஒற்றை ஷார்ப் அடிக்கடி தலைகாட்டினால் மைனர் என்று சந்தேகப்படலாம்.

அப்புறம், பாடுகிற அக்காமார் “சுருதி தூக்கலா இருக்கு, ஒரு கட்டை இறக்குங்க” என்பார்கள், நிச்சயம் நடக்கும். இது படி 3இல் எண்ணிய கட்டை இல்லை, சியை ஒன்று என்று வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் எண்ணுகிற சுருதிக் கணக்கு: ஐந்து கட்டையிலிருந்து நாலு கட்டைக்கு, ஜியிலிருந்து எஃப்புக்கு வருகிறீர்கள். இப்போது ஷார்ப் கிடையாது, ஒரு ஃப்ளாட், பி ஃப்ளாட். இ மைனர் டி மைனராகிவிடும், பி மேஜர் கார்டு ஏ மேஜராகும், தனியாக வந்த டி ஷார்ப் சி ஷார்ப்பாகும். இதை ஒரு தாளில் எழுதி ஸ்டாண்டில் ஒட்டிக்கொண்டு வாசியுங்கள்.