திரையைப் பார்க்காமல் கீபோர்டு: வாங்குவதிலிருந்து புள்ளி வைப்பது வரை

கீபோர்டு வாசிக்கக் கண் தேவையே இல்லை. இரண்டு கறுப்புக் கட்டை, அப்புறம் மூன்று கறுப்புக் கட்டை என்று மாறி மாறி வருவதை விரலால் தடவினாலே கை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். சிக்கலெல்லாம் கட்டைகளுக்கு மேலே உள்ள பலகையில்தான். டோன் (பியானோ, வயலின் மாதிரி வாத்தியச் சத்தம்) மாற்றுவது, ஸ்டைல் (பின்னணித் தாளம்) மாற்றுவது, சுருதி ஏற்றுவது எல்லாவற்றையும் ஒரு சின்ன எல்சிடி திரையைப் பார்த்துச் செய்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். என் அத்தை மகனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. நல்ல வாசிப்பு, ஆனால் டோன் மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். ஒரு கச்சேரியில் கை தவறி, சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனில் பட்டு, பாட்டு முழுக்க அரைக் கட்டை ஏறிப் போய், ஏன் என்று தெரியாமல் அவன் உட்கார்ந்திருந்த நாளில்தான் நான் இதைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். அவனுக்கும் அவன் நண்பர்களுக்குமாகச் சில கீபோர்டுகளைத் தயார் செய்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாங்குவது. வாசிக்கப் போகிறவரையே கடைக்குக் கூட்டிப் போங்கள், நீங்களாக ஆன்லைனில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பட்டன்கள் மேலே எழும்பி இருக்க வேண்டும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இடைவெளி வேண்டும், 0 முதல் 9 வரை எண் பட்டன்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வால்யூம் குமிழ் இரண்டு ஓரத்திலும் முட்டி நிற்க வேண்டும், அப்போதுதான் எவ்வளவு வைத்திருக்கிறோம் என்று கைக்குத் தெரியும். முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் டயலை மட்டும் நம்பியிருக்கும் மாடல் வேண்டாம். தொடுதிரை மாடலும் வேண்டாம், என்ன விலையாக இருந்தாலும். யமஹாவின் பிஎஸ்ஆர்-இ வரிசையில் எண் பட்டன் உள்ள மாடல்கள் நிறைய இருக்கின்றன, பழையதாகவும் கிடைக்கும்.

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: திரும்பி வருவதற்கு ஓர் இடம். திரை பேசாவிட்டாலும் பரவாயில்லை, எந்தக் குழப்பத்தில் இருந்தாலும் ஒரே அழுத்தில் தெரிந்த நிலைக்கு வந்துவிட முடிந்தால் போதும், அங்கிருந்து எண்ணிக்கொண்டே போகலாம். பிஎஸ்ஆர்-இ மாடல்கள் பலவற்றில் 'போர்ட்டபிள் கிராண்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் உடனே பியானோ டோனுக்கு வந்து நிற்கும். அதே மாதிரி பிளஸ், மைனஸ் பட்டன்களை ஒன்றாகச் சேர்த்து அழுத்தினால் அப்போது மாற்றிக்கொண்டிருக்கும் அளவு ஆரம்ப நிலைக்குப் போய்விடும். டிரான்ஸ்போஸ் எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால், அதைத் தேர்ந்தெடுத்து இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பூஜ்யம். கச்சேரியில் அன்றைக்கு இது தெரிந்திருந்தால் இரண்டு நொடி வேலை.

அங்கிருந்து சுருதி ஏற்றுவது வெறும் எண்ணிக்கைதான். ஒரு அழுத்து அரைச் சுரம். 1 கட்டை சுருதியில் பழகிய பாட்டைப் பாடகர் 2 கட்டையில் கேட்டால் பிளஸ் இரண்டு தடவை. 4 கட்டை என்றால் ஐந்து தடவை, ஏனென்றால் 3-க்கும் 4-க்கும் நடுவே அரைக் கட்டை (கறுப்புக் கட்டை) கிடையாது. ஏழெட்டுத் தடவை அழுத்திப் பழகினால் விரலே கணக்கு வைத்துக்கொள்ளும்.

கீபோர்டை ஆன் செய்யும்போது கட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பதிலும் சில வேலைகள் ஒளிந்திருக்கின்றன. பிஎஸ்ஆர்-இ மாடல்கள் பலவற்றில் இடது ஓரக் கட்டையைப் பிடித்தபடி ஆன் செய்தால், சும்மா இருக்கும்போது தானாக அணைந்துபோகும் வசதி நின்றுவிடும். திரையைப் பார்க்க முடியாதவருக்கு இது பெரிய நிம்மதி, இல்லாவிட்டால் எப்போது அணைந்தது என்றே தெரியாது. வலது ஓர வெள்ளைக் கட்டையைப் பிடித்தபடி ஆன் செய்தால் மட்டும் சேமித்து வைத்ததெல்லாம் அழிந்துவிடும், அதையும் சொல்லி வையுங்கள். உங்கள் மாடலுக்கு இது எப்படி என்று கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது விரலுக்குத் தட்டுப்படுவதற்காகப் பட்டனில் வைக்கும் புள்ளி. ஆர்வத்தில் எல்லா பட்டனிலும் புள்ளி வைத்துவிடத் தோன்றும், நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன், பலகை முழுக்கச் சொரசொரவென்று ஆகி எதுவுமே தனியாகத் தெரியவில்லை. ஏழெட்டுப் புள்ளி போதும்: பியானோவுக்குத் திரும்பும் பட்டன், எண்களில் 5, பிளஸ், ஸ்டைல் ஸ்டார்ட், டிரான்ஸ்போஸ், இப்படி. மற்றதெல்லாம் இவற்றுக்கு இடப்பக்கம், வலப்பக்கம் என்று மனத்தில் இருந்துகொள்ளும். கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிப் பார்த்தேன், வியர்வையில் ஒரே வாரத்தில் கழன்றது. துணியில் பெயின்ட் செய்பவர்கள் ஓரம் கட்டுவதற்குப் பயன்படுத்தும் அவுட்லைனர் டியூப் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், அதுதான் நின்றது. பட்டனை ஸ்பிரிட்டால் துடைத்து, கடுகு அளவுக்கு ஒரு சொட்டு வைத்து, ஒரு ராத்திரி முழுக்கத் தொடாமல் விடுங்கள். சொட்டு பெரிதானால் பட்டனின் விளிம்பில் வழிந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும், கவனம்.

பிரெயில் தெரிந்தவராக இருந்தால் சீட்டும் ஒட்டலாம், ஆனால் பட்டனின் மேல் ஒட்டாதீர்கள். படிக்க விரல் வைத்தாலே பட்டன் அமுங்கிவிடும்! பட்டனுக்கு மேலே உள்ள வெற்றிடத்தில் ஒட்டுங்கள். முழுப் பெயர் எழுத இடம் இருக்காது, முதல் எழுத்தே போதும், பியானோவுக்கு 'ப', வயலினுக்கு 'வ'. எந்த எழுத்து எதற்கு என்று முடிவு செய்வது வாசிப்பவர்தான், நாம் இல்லை.

டோன் பட்டியல் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஆனால் ஒருவர் நிஜமாக வாசிப்பது இருபதோ முப்பதோதான். ஒரு சாயங்காலம் இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒவ்வொரு டோனாகக் கேளுங்கள், பிடித்ததற்கு எண்ணைச் சொல்லி, உடனே இரண்டு சுரம் வாசித்துப் போனில் பதிவு செய்யுங்கள். எழுதிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல், காதில் கேட்ட சத்தத்தோடு எண்ணும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. கீபோர்டில் ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி இருந்தால் அடிக்கடி வேண்டிய டோன், ஸ்டைல், வேகம் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடுங்கள், ஒரு பட்டனில் வந்துவிடும். போன் கேமராவை நீட்டித் திரையைப் படிக்க வைக்கும் செயலிகளையும் முயன்றோம். கோடு கோடாக எரியும் எல்சிடி எழுத்தை அவை பெரும்பாலும் தப்பாகவே படித்தன, மேடையில் ஒரு கையில் போனைப் பிடிக்கவும் முடியாது.

கணினி இருந்தால் இன்னும் தூரம் போகலாம். திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் மென்பொருள்தான் திரைவாசிப்பான்; விண்டோஸில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளோடு ஒசாரா என்ற இலவச நீட்சியைச் சேர்த்தால், டிராக், வால்யூம், எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதெல்லாம் பேச்சாக வரும். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்டும் லாஜிக் ப்ரோவும் (இரண்டும் பதிவு மென்பொருள்கள்) மேக்கின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரோடு வேலை செய்யும். கீபோர்டை யுஎஸ்பியில் இணைத்து, மிடி (வாத்தியமும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) வழியாகக் கணினியிலிருந்தே டோனை மாற்றலாம். இதற்கு டோன் எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று சொல்லும் பேங்க் எண் இரண்டு, அதில் எந்த டோன் என்று சொல்லும் புரோகிராம் எண் ஒன்று, மொத்தம் மூன்று எண் அந்த வரிசையில் போக வேண்டும். நிறுவனத்தின் டேட்டா லிஸ்ட் என்ற பிடிஎஃபில் இவை இருக்கும். அதில் புரோகிராம் எண் பெரும்பாலும் 1 முதல் 128 வரை இருக்கும், மிடியில் போவதோ 0 முதல் 127, ஆகவே ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் ஒரு நாள் முழுக்கப் பக்கத்து டோனே வந்துகொண்டிருந்தது எங்களுக்கு. சில வீட்டுக் கீபோர்டுகளில் இப்படி அனுப்பினாலும் கையால் வாசிக்கும் டோன் மாறாது, வெளியிலிருந்து வரும் சுரத்துக்குத்தான் மாறும். அப்போது 'லோக்கல்' என்பதை (கட்டைக்கும் கீபோர்டின் சத்தத்துக்கும் உள்ளே இருக்கும் நேரடித் தொடர்பு) ஆஃப் செய்துவிட்டு, வாசிப்பதைக் கணினி வழியாகச் சுற்றி மறுபடி கீபோர்டுக்கே அனுப்பினால் சரியாகிவிடும்.

பேசுகிற கீபோர்டு வராதா என்று கேட்டால், கிட்டத்தட்ட வந்துவிட்டது. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கன்ட்ரோல் எஸ் என்ற, கணினியோடு இணைத்து வாசிக்கும் கீபோர்டு வரிசையில் குமிழைத் தொட்டாலே அது என்ன குமிழ் என்று கணினி சொல்லும், திருப்பவே வேண்டாம். விலையும் கணினியும்தான் தடை. இத்தனைக்கும் குர்ஸ்வைல் 250 என்ற புகழ்பெற்ற கீபோர்டு 1984-இல் வந்ததற்கே ஸ்டீவி வொண்டர் என்ற பார்வையற்ற கலைஞரின் கோரிக்கைதான் தொடக்கம். அந்தக் கீபோர்டை உருவாக்கிய ரே குர்ஸ்வைலின் இன்னொரு கண்டுபிடிப்பான, புத்தகத்தை வாசித்துக் காட்டும் இயந்திரத்தை 1976-இல் வொண்டர் வாங்கியதில் இருவருக்கும் ஏற்பட்ட பழக்கம் அது. நாற்பது வருடம் கழித்தும் சாதாரண விலைக் கீபோர்டில் டோனின் பெயரைச் சொல்ல ஒரு குரல் இல்லை என்பது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

கடைசியாக ஒன்று. கீபோர்டைச் சர்வீஸுக்குக் கொடுத்தால், புள்ளிகளைச் சுரண்ட வேண்டாம் என்று பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புங்கள். எங்களுடையதைப் பளபளவென்று துடைத்து, எல்லாப் புள்ளியையும் எடுத்து, மெமரியையும் அழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ரெஜிஸ்ட்ரேஷனில் எது எந்த பட்டனில் இருக்கிறது என்பதையும் கொடுப்பதற்கு முன்பே போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.