குழந்தைக்கு ஒரே நேரத்தில் பல மருந்துகளா? ஒரு தாளில் எழுதி வைப்பது எப்படி

முதலில் குழந்தைக்குக் கொடுக்கிற எல்லா மருந்தையும் மேசையில் எடுத்து வையுங்கள். வைட்டமின் சொட்டு, களிம்பு, இன்ஹேலர், கை வைத்தியப் பொடி எதுவும் விடுபடக் கூடாது.

அடுத்து, பாட்டிலில் பெரிதாகத் தெரியும் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் உள்ள மூலமருந்தின் பெயரைப் படியுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. காய்ச்சல் சிரப்பில் இருக்கும் பாராசிட்டமால் சில சளி மருந்துகளிலும் உண்டு. தெரியாமல் இரண்டையும் கொடுத்துவிடுவோம். அளவு மிஞ்சினால் கல்லீரல் கெடும்; ஆனால் முதல் நாள் குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். எனக்குப் பயமே அதுதான்.

பெயர் ஒன்றானாலும் வீரியம் வேறாக இருக்கும். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது, 250 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது. சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100 மி.கி. இருக்கலாம். அதனால் வெறும் "5 மில்லி" என்று எழுதாதீர்கள். மி.கி., மில்லி இரண்டையும் எழுதுங்கள். புது பாட்டில் வாங்கும்போதெல்லாம் மறுபடி ஒப்பிடுங்கள்.

இப்போது தாள். மேலே குழந்தையின் எடை, எடை பார்த்த தேதி, ஒவ்வாமை. கீழே மருந்து, எதற்காக, அளவு, நேரம், எந்தத் தேதி வரை. இதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டி, "எதை எதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது?" என்று கேளுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் சேர்ந்தால் இரும்பு சரியாக உடம்பில் சேராது, இடைவெளி வேண்டும்.

கொடுக்கும்போது சமையலறைக் கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்ச்தான் சரி. கன்னத்தின் உட்பக்கமாக மெல்ல விடுங்கள். கொடுத்த கையோடு நேரத்தையும் உங்கள் பெயரையும் தாளில் குறியுங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டியும் கொடுத்துவிடுவது நல்ல மனதால் நடக்கும் தவறு. யாரையும் குறை சொல்வதைவிடத் தாளைப் பார்ப்பது சுலபம்.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். வலிப்பு மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. அளவு கூடிவிட்டதென்று சந்தேகம் வந்தால், வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் தாளையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.