18 லட்சம் சிடிசி, கைக்கு எவ்வளவு?

சர்வீஸ் கம்பெனியில் தொடங்கி, இப்போது ஒரு வெளிநாட்டு வங்கியின் சென்னை டெக்னாலஜி சென்டரில் இருக்கிறேன். ஆஃபர் வந்ததும் அக்கா பையன் முதல் பழைய டீம் ஆட்கள் வரை கேட்பது ஒன்றுதான்: “எதை எடுக்கலாம்?” சிடிசியை, அதாவது கம்பெனி நமக்காக வருடத்துக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகையை, மட்டும் சொன்னால் நான் வாயே திறப்பதில்லை. சம்பளப் பிரிப்பை அனுப்பச் சொல்வேன்.

அதில் மாதாமாதம் கைக்கு வராததை எல்லாம் முதலில் அடித்துவிடுங்கள். 18 லட்சத்தில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், பாதி என்று வையுங்கள். கம்பெனி போடும் பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம் என்றால் 1,08,000. வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டி பேசிக்கில் 4.81 சதவீதம், 43,290. வேலைத்திறனைப் பார்த்துத் தரும் வேரியபிள் மொத்தத்தில் 10 சதவீதம் என்றால் 1,80,000. உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,08,000. மாதம் ஒன்றரை லட்சம் என்று நினைத்தவருக்கு, வரிக்கு முன்பே 1.13 லட்சம்தான். பி.எஃப். நம் பணம், எங்கேயும் போகாது. கிராஜுவிட்டி அப்படியில்லை, நிரந்தர வேலையில் பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் உண்டு. இரண்டு வருடத்தில் தாவுகிறவர் அதைச் சம்பளத்தில் சேர்க்கவே வேண்டாம்.

அப்புறம் துறை. வங்கியில் வருட போனஸ் பெரிதாக இருக்கலாம். கொடுக்கும் நாளில் வேலையில் இருக்கிறவருக்குத்தான் என்று நிபந்தனை இருக்கும். நியூயார்க் நேரத்து மீட்டிங்குகளும் கூடவே வரும். அமெரிக்க ப்ராடக்ட் கம்பெனியின் ஆர்.எஸ்.யூ., அதாவது சம்பளத்தோடு தரும் கம்பெனிப் பங்கு, பெரும்பாலும் நான்கு வருடத்துக்குப் பிரித்துத் தருவது. வெஸ்ட் ஆகும், அதாவது பங்கு நம் கைக்கு வரும், நாளின் விலைக்குச் சம்பளம் போலவே வரி, விற்காவிட்டாலும்! ஸ்டார்ட்அப் தரும் ஈசாப்பை, அதாவது கம்பெனிப் பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையை, நான் பூஜ்யம் என்றே போடுவேன். பட்டியலிடாத பங்கை வாங்க ஆள் வேண்டுமே.

பெரும்பாலோர் பார்க்காதது மெடிக்கல் இன்ஷூரன்ஸ். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்குப் பிரஷர் என்றால் இதற்குத்தான் முதல் மார்க். தனியாக பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். குரூப் பாலிசியில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கவர் உண்டு. பெற்றோர் சேர்த்தியா, பிரீமியம் யார் கட்டுவது, ரூம் வாடகைக்கு வரம்பு உண்டா, பில்லில் நம் பங்கு எவ்வளவு?

இவற்றோடு, ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் கிளம்பினால் திருப்பித் தர வேண்டும் என்பதையும் ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். போனில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது. பதில் கைக்கு வந்த பிறகு இப்போதைய வேலையில் பேப்பர் போடுங்கள், அதாவது ராஜினாமா கொடுங்கள்.