பழைய கார் வீல் டிஸ்கில் ரிவிட் அடித்த கப் கிளிப்புகளை மாற்றும் முறை

பழைய கார்கள் சிலவற்றில் வீல் கப்பை (சக்கரத்தின் நடுவை மூடும் உலோக மூடியை) பிடித்து நிறுத்துபவை, சக்கரத்தின் இரும்பு டிஸ்கின் முகப்பில் ரிவிட் (தகடுகளை இணைக்கும் தலையுள்ள உலோக ஆணி) அடித்துப் பொருத்திய சிறிய ஸ்பிரிங் கிளிப்புகள். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு. வேறு சில கார்களில் கிளிப்பே இருக்காது. டிஸ்கிலுள்ள புடைப்புகளே கப்பைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் காரில் எந்த அமைப்பு என்பதைக் கப்பைக் கழற்றிப் பார்த்து உறுதி செய்த பிறகே கிளிப் வாங்குங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கிளிப்புகள் சீக்கிரம் வீணாவதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்கின்றன. குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. கப்புக்குள் புகுந்த ஈரம் எளிதில் உலர்வதில்லை. கிளிப்புக்கும் டிஸ்குக்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கில் அது தங்கி, ரிவிட்டின் கழுத்தைத் துருவாக அரித்துவிடுகிறது. வெளியே கிளிப் நன்றாகவே தெரியும். விரலால் அசைத்துப் பார்த்தால் ஆடும்.

வேலையைத் தொடங்கும் முன் காரைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கப்பைக் கழற்றும்போது ஒரே இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாமல், துணி சுற்றிய தட்டை முனையால் சுற்றிலும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டின் மேல் காரை இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. கழற்றிய சக்கரத்திலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்.

சக்கரத்தை மரப்பலகையின் மேல் கிடத்தி, டியூபின் காற்றை முழுவதும் இறக்கிவிடுங்கள். கிளிப்புகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிவிட்டா இரண்டா, கிளிப்பின் வளைவு எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதையெல்லாம் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எல்லாக் கிளிப்புகளையும் ஒரே மூச்சில் பிடுங்கிவிடாமல் ஒவ்வொன்றாக மாற்றினால், மீதமிருப்பவையே உங்களுக்கு மாதிரியாக இருக்கும்.

இனி வருவதுதான் மிகுந்த பொறுமை வேண்டிய கட்டம். ரிவிட் தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் ஆழமாக ஒரு குறி இடுங்கள். குறி நடுவில் விழாவிட்டால் டிரில் பிட் வழுக்கி டிஸ்கைத் துளைத்துவிடும். ஆகவே குறி சரியாக விழும்வரை டிரில்லைத் தொட வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முதலில் 3 மி.மீ. பிட்டாலும் பிறகு ரிவிட் தண்டின் அளவுள்ள பிட்டாலும் மெதுவான வேகத்தில் துளையிடுங்கள். துளைக்க வேண்டியது தலையை மட்டுமே. சரியான ஆழம் வந்ததும் தலை மெல்லிய வளையமாகக் கழன்று பிட்டோடு சேர்ந்து சுழலும். அங்கே நிறுத்திவிட வேண்டும். மிஞ்சிய தண்டைப் பஞ்ச் கருவியும் சுத்தியலும் கொண்டு பின்பக்கமாகத் தட்டி வெளியேற்றலாம். ரிவிட் பிட்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கினால் அதன் பின்முனையைப் பிளையரால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். டிஸ்கின் பழைய துளை பெரிதாகாமல் காப்பதே இந்த வேலை முழுவதன் உயிர்நாடி என்பேன். கிளிப் போனால் இன்னொன்று வாங்கலாம், பழைய காரின் டிஸ்க் அப்படிக் கிடைப்பதில்லை.

துளையைச் சுற்றிய துருவைக் கம்பிப் பிரஷாலும் எமரி தாளாலும் தேய்த்தெடுத்து, துத்தநாகம் கலந்த பிரைமரைப் பூசிக் காயவிடுங்கள். கிளிப்பின் அடிப்பகுதிக்கும் பூச வேண்டும். ரிவிட் அடித்த பிறகு அந்த இடுக்குக்குள் பிரஷ் போகாது.

ரிவிட் வாங்கும்போது அலுமினியம் வேண்டாம், இரும்பு ரிவிட்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இரும்போடு சேர்ந்த அலுமினியம் உப்பு ஈரத்தில் விரைவாக அரிக்கப்படும். பாப் ரிவிட் என்பது நடுவிலுள்ள ஊசியைக் கைக்கருவியால் இழுத்துப் பொருத்தும் உள்ளீடற்ற ரிவிட். 4.8 மி.மீ. பாப் ரிவிட்டுக்கு ஏறத்தாழ 4.9 மி.மீ. துளை வேண்டும், 4 மி.மீ. ரிவிட்டுக்கு 4.1 மி.மீ. போதும். டிஸ்க், கிளிப் இரண்டின் கனத்தையும் வெர்னியர் என்ற அளவுகோலால் அளந்து கூட்டி, அந்தக் கனத்துக்குரிய நீளத்தில் ரிவிட் எடுங்கள். 4.8 மி.மீ. இரும்பு ரிவிட்டைச் சிறிய கைக்கருவியால் இழுப்பது கடினம். நீண்ட கைப்பிடியுள்ள கருவி தேவை. ரிவிட்டை இழுக்கும்போது கிளிப் டிஸ்கோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இழுங்கள். ஊசி முறிந்த பிறகும் கிளிப் ஆடினால் அந்த ரிவிட்டைத் துளைத்தெடுத்துவிட்டு வேறொன்று அடிக்க வேண்டும்.

பழைய முறையிலேயே, சுத்தியலால் அடித்துப் பொருத்தும் கெட்டி ரிவிட் அடிக்க விரும்புவோர், இரண்டு கனங்களுக்கும் மேலே தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் மிஞ்சும்படி எடுக்க வேண்டும். மொத்தக் கனம் 5 மி.மீ., தண்டு 4 மி.மீ. என்றால் நீளம் 11 மி.மீ. தலைக்குக் கீழே கனமான இரும்பைத் தாங்கக் கொடுத்து அடிக்க இன்னொருவர் துணை வேண்டும். எனக்கு இந்த முறையே பிடிக்கும். உள்ளே வெற்றிடம் இல்லாததால் தண்ணீர் தங்க இடமில்லை. பாப் ரிவிட் அடித்தவர்கள் நடுக்குழியைப் பெயின்டால் அடைத்துவிடுங்கள்.

எந்த நிலையிலும் வெல்டிங் வைத்துக் கிளிப்பை ஒட்ட வேண்டாம். ஸ்பிரிங் இரும்பு சூட்டில் தன் விறைப்பை இழந்துவிடும். டயர் மாட்டிய சக்கரத்தைச் சூடாக்கினால் டயர் வெடித்து உயிரே போகலாம். காற்றை இறக்கியிருந்தாலும் அந்த ஆபத்து நீங்காது.

சக்கரத்தை மாட்டும் முன், ரிவிட்டின் பின்முனை பிரேக் டிரம்மில் இடிக்குமா என்று சோதியுங்கள். அந்த இடத்தில் சிறிது களிமண்ணை ஒட்டி, சக்கரத்தை வைத்து நட்டுகளை லேசாக இறுக்கி, மறுபடி கழற்றிப் பார்த்தால் இடைவெளி எவ்வளவு என்பது களிமண்ணின் கனத்தில் தெரிந்துவிடும். ரிவிட் முனை டிரம்மைத் தொட்டால் சக்கரம் சமமாக உட்காராது, நட்டுகள் தளரும். அப்படியானால் அதைவிடக் குட்டையான ரிவிட் வேண்டும்.

காற்றடித்துச் சக்கரத்தை மாட்டி, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். காரை இறக்கிய பின், காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு முழுமையாக இறுக்க வேண்டும். கப்பின் ஓரத்தை ஒரு பக்கத்துக் கிளிப்புகளில் பதியவைத்து, எதிர்ப்பக்கத்தைக் கிளிப்புக்கு நேர்மேலே உள்ளங்கையால் குத்துங்கள். நடுவில் அடித்தால் கப் நசுங்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு கப்பைக் கழற்றி, நட்டுகளின் இறுக்கத்தையும் ஒவ்வொரு கிளிப்பையும் விரலால் அசைத்துச் சரிபாருங்கள்.