கப்பலில் எந்த கேபின் எடுப்பது? மும்பையிலிருந்து முதல் முறை புறப்படுவோருக்கு

மாட்டுங்காவில் இருக்கும் என் அத்தை சென்ற மாதம் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். மும்பை–கோவா கப்பலுக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்திருக்கிறார். திரையில் இன்டீரியர், ஓஷன் வியூ, மினி சூட், சூட் என்று நான்கு பெயர்கள், நான்கு விலைகள். எது என்று ஒரே வார்த்தையில் சொல், பணத்தைக் கட்டிவிடுகிறேன் என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் கப்பலின் தள வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, காபி ஆறும் வரை பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முன்னதாக ஒன்று. அந்தப் பெயர்கள், அறையின் வெளிச்சுவரில் என்ன இருக்கிறது, அறை எவ்வளவு பெரியது என்பதை மட்டுமே சொல்கின்றன. அறை கப்பலில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. உங்கள் தூக்கமும் வயிறும் அறை இருக்கும் இடத்தைப் பொறுத்தவை.

படி 1: பெயர்களைப் புரிந்துகொள்ளுங்கள்

இன்டீரியர் என்றால் ஜன்னலே இல்லாத உள்ளறை. விலை குறைவு. விளக்கை அணைத்தால் நண்பகலிலும் கும்மிருட்டு. இரவில் எழுந்திருக்கும் பெரியவர்கள் இருந்தால் குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவைச் சற்றே திறந்து வையுங்கள். ஓஷன் வியூ அறையில் ஜன்னல் உண்டு, ஆனால் அது திறக்காது. கீழ்த்தளங்களில் வட்டக் கண்ணாடியாகவும் மேல்தளங்களில் அகலமாகவும் இருக்கும். சில ஜன்னல்களுக்கு நேர் எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும். அதை 'காட்சி மறைவு' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், படிக்காமல் விடாதீர்கள். பால்கனி அறைக்கு வெளியே இரண்டு நாற்காலி போடும் இடம் கிடைக்கும். சூட் என்பது பெரிய அறை. மினி சூட் என்ற பெயரைப் பார்த்துத் தனித்தனியே இரண்டு அறைகள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது கொஞ்சம் பெரிய ஒற்றை அறைதான். பால்கனி உண்டா இல்லையா என்பதைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கிய கொர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990-ல் கட்டப்பட்ட கப்பல். பால்கனி வைத்துக் கட்டும் வழக்கம் அப்போது பெரிதாகப் பரவவில்லை. அதனால் அக்காலக் கப்பல்களில் உள்ளறையும் ஜன்னல் அறையும்தான் அதிகம், அறைகளும் சிறியவை. புதிய பெருங்கப்பல்களின் படங்களைப் பார்த்து மனக்கோட்டை கட்டிக்கொண்டு வராதீர்கள்.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

மேடு பள்ளமான சாலையில் பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடு இருக்கையில் இருப்பவர் தூங்கிக்கொண்டிருப்பார், கடைசி இருக்கைக்காரர் எகிறி எகிறி விழுவார். கப்பலும் அப்படித்தான். அலையில் ஏறி இறங்கும்போது, நம் கடற்கரை மக்கள் அணியம் என்று சொல்லும் முன்பகுதியும் பின்பகுதியும் மிக அதிகமாக எழுந்து தாழும். நடுப்பகுதி அமைதியாக இருக்கும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க நவீனக் கப்பல்களில் நீருக்கடியில் துடுப்பு போன்ற தகடுகள் உண்டு. முன்னும் பின்னுமாக ஏறி இறங்குவதை அவை பெரிதாகக் குறைப்பதில்லை. உயரே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். ஆகவே காரில் போனாலே தலைசுற்றுபவர் குடும்பத்தில் இருந்தால், கீழ்த்தளத்தில் நடுப்பகுதி. அங்கே உள்ளறைதான் கிடைக்கிறது என்றாலும் எடுங்கள். மேல்தளத்து முனையில் இருக்கும் பால்கனியைவிட அது மேல்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும். அதற்குப் பிந்தைய மாதங்களில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, ஆனால் அறவே இல்லாமல் போய்விடாது.

படி 3: தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் பாருங்கள்

வரைபடத்தில் உங்கள் தளத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேல்தளத்தின் படத்தையும் கீழ்த்தளத்தின் படத்தையும் அருகருகே வைத்து, அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பலில் அம்மாவை அழைத்துப் போனேன். நல்ல ஜன்னல் அறை, நடுப்பகுதி. எல்லாம் சரியாகப் பார்த்தேன், மேலே நீச்சல்குளத் தளம் என்பதைத் தவிர. விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்காலிகளை இழுத்துப்போட்டுக் கழுவத் தொடங்கினார்கள். மூன்று நாளும் அம்மா சரியாகத் தூங்கவில்லை. ஒரு வார்த்தை குறை சொல்லவும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மேலும் கீழும் கேபின்களே இருக்கும் தளம்தான் நல்லது. நடன அரங்கு, சமையலறை, கலையரங்கம் ஆகியவற்றுக்கு ஒட்டி வேண்டாம். லிஃப்டுக்கு அருகில் இருக்கலாம், எதிரே வேண்டாம். இரண்டு அறைகளுக்கு நடுவே இணைப்புக் கதவு இருந்தால் அடுத்த அறைப் பேச்சு கேட்கும். இரு குடும்பங்கள் சேர்ந்து போகும்போது மட்டும் அது வரப்பிரசாதம்.

படி 4: இடப்பக்கமா, வலப்பக்கமா?

ஜன்னலுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மும்பையில் கப்பல் புறப்படும் பல்லார்ட் பியர் நகரத்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது. தெற்கு நோக்கி நகரும்போது கேட்வே ஆஃப் இந்தியாவும் கொலாபாவும் வலப்பக்கம் வரும். துறைமுகத்தைத் தாண்டிக் கோவா நோக்கித் திரும்பிய பிறகு கொங்கண் கரை இடப்பக்கம், சூரியன் மறைவது வலப்பக்கம். ஆக, போகும்போது நகரக் காட்சியும் அந்தியும் வலப்பக்க அறைக்கே. திரும்பி வரும்போது இது தலைகீழாகும். அந்தி இடப்பக்கத்துக்குப் போய்விடும்.

இருட்டிவிட்டால் எந்தப் பக்கமும் கருமைதான் என்பதையும் கணக்கில் வையுங்கள். கோவாவில் மர்மகோவா துறைமுகத்தில் கப்பல் அணைந்து நிற்கும்போது ஒரு பக்கத்து அறைகளுக்குத் துறைமுக மேடையே காட்சி. இரண்டு இரவுப் பயணத்துக்குப் பால்கனிக்குச் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லட்சத்தீவு என்றால் வேறு. அங்கே பெரிய கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்புவார்கள். கண் முன்னே அந்த நீலப்பச்சைக் கடல். அதற்குக் கொடுக்கலாம்.

படி 5: கட்டில்களை எண்ணுங்கள்

விலை பொதுவாக ஓர் அறையில் இருவர் என்று வைத்து, ஒருவருக்குச் சொல்லப்படுவது. தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இருவர் விலையையே கட்ட வேண்டி வரலாம். மூன்றாம், நான்காம் ஆளுக்குக் கட்டணம் குறையும். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேல்கட்டில் அல்லது சோபா. ரயிலில் மேல் பெர்த் ஏறத் தயங்குபவரை அங்கே ஏற்றாதீர்கள். தாத்தா பாட்டியோடு ஐந்து பேர் என்றால் இரண்டு அறைகள் எடுப்பதே சரி.

படி 6: பணம் கட்டும் முன்

துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, பணியாளர் ஊக்கத்தொகை மூன்றும் சேர்ந்த மொத்தத்தைப் பாருங்கள். 'கேரண்டி' என்று மலிவாக ஒன்று தென்படும். அதில் அறையின் வகைக்கு மட்டுமே உறுதி. அறை எண்ணை அவர்கள் பின்னால் ஒதுக்குவார்கள். இளைஞர்கள் தாராளமாக எடுக்கலாம். முழங்கால் வலி, தலைசுற்றல் உள்ளவர்களோடு போகிறவர்கள் சில ஆயிரம் கூடினாலும் எண்ணைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அத்தை கடைசியில் எடுத்தது ஜன்னல் அறை: நடுப்பகுதி, வலப்பக்கம், லிஃப்டிலிருந்து நான்கு கதவு தள்ளி, மேலும் கீழும் கேபின்கள். மாமாவின் முழங்காலுக்கு அந்தத் தூரம் சரிப்படும். டிக்கெட் வந்ததும் அறை எண்ணை வரைபடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டு, படமெடுத்து எனக்கு அனுப்பினார்.