சாலையில் சைக்கிள்: பழக்கமாகிவிட்ட சில தவறுகள்

சைக்கிள் ஓட்ட உரிமம் தேவையில்லை. யார் முன்னாலும் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. குரங்குப் பெடல் அடித்துப் பழகி, கால் எட்டியதும் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர்கள்தான் நம்மில் பலர். தமிழகத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. பிள்ளை கீழே விழாமல் ஓட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, மறுநாள் முதல் சாலையில் அனுப்பிவிடுகிறோம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே எப்படிப் போவது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. முன்னால் போகிறவரைப் பார்த்தே பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள், அவர் செய்யும் தவறுகளையும் சேர்த்து.

கீழே சொல்லியிருக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை. அடுத்த நொடி நாம் என்ன செய்யப்போகிறோம் என்பது சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியாமல் போகிறது. கார் ஓட்டுபவராக இருந்தாலும், காய்கறிப் பையோடு நடந்துவரும் அம்மாவாக இருந்தாலும், நம்மைப் பார்த்ததும் "இந்த வண்டி இப்படித்தான் போகும்" என்று அவர்களால் கணிக்க முடிய வேண்டும்.

எதிர்ப்பக்கமாக வருவது

இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். நெடுஞ்சாலைகளில் நடுத்தடுப்பில் திரும்பும் வழி வெகுதூரம் தள்ளி இருக்கும். அவ்வளவு தூரம் மிதிக்க மனமில்லாமல் வலப்பக்க ஓரமாகவே எதிரே வருகிறார்கள். "எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும், பின்னால் வருவது தெரியாதே" என்று நியாயமும் சொல்வார்கள். நடந்து போகிறவருக்கு அந்த நியாயம் சரி. சைக்கிளுக்குச் சரிவராது.

கணக்கைப் பாருங்கள். நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், ஒரு வேன் 45 கிலோமீட்டரில் வருகிறது. அது பின்னாலிருந்து வந்தால் உங்களை நெருங்கும் வேகம் 30 கிலோமீட்டர். 50 மீட்டர் தொலைவில் டிரைவர் உங்களைப் பார்த்தால் ஒதுங்கவோ பிரேக் போடவோ அவருக்கு 6 நொடி கிடைக்கும். எதிர்ப்பக்கமாக வந்தால் இரண்டு வேகங்களும் கூடி 60 ஆகிவிடும். அதே 50 மீட்டருக்கு 3 நொடிதான்.

சந்துமுனை இதைவிட மோசம். சந்திலிருந்து வெளியே வந்து இடப்பக்கம் திரும்பும் கார்க்காரர் வலப்பக்கம் பார்ப்பார், ஏனென்றால் வண்டிகள் அங்கிருந்துதான் வரும். நீங்கள் அவருக்கு இடப்பக்கமிருந்து வருகிறீர்கள். அவர் தலையைத் திருப்பும்போது காரின் மூக்கு சாலைக்குள் நுழைந்திருக்கும்.

சுற்றிப் போக முடியாத இடத்தில் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. இருநூறு மீட்டர் தள்ளினால் இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

பஸ்ஸின் இடப்பக்கச் சந்து

நிற்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு சைக்கிள் நுழையும் அளவுக்கு இடம் தெரியும். அதைப் பார்த்ததும் கை தானாகவே அந்தப் பக்கம் ஹாண்டில்பாரைத் திருப்பிவிடுகிறது. அந்த இடம் இறங்குபவர்களுக்கு உரியது. படியிலிருந்து கால் வைக்கும் பெரியவர் கீழே பார்ப்பாரே தவிர, பின்னால் பார்க்கமாட்டார். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவருபவரின் கண் படிக்கட்டில்தான் இருக்கும். இந்த இரண்டு பேரில் ஒருவர்மீது மோதினால் தவறு முழுக்க நம்முடையது.

கண்டக்டரின் விசிலைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகுவது நல்லது. ஒரு விசில் என்றால் பஸ் நிற்கப்போகிறது. இரட்டை விசில் என்றால் கிளம்பப்போகிறது. இரட்டை விசில் கேட்கும்போது பஸ்ஸின் எந்தப் பக்கவாட்டிலும் நாம் இருக்கக்கூடாது. பின்னாலேயே நின்று, அது கிளம்பிய பிறகு போவதே எளிது. காதில் பாட்டு ஓடினால் இந்த விசில் கேட்காது. ஓட்டும்போது இயர்போன் வேண்டாம் என்று சொல்ல இந்த ஒரு காரணம் போதும்.

லாரி, டிரெய்லர் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடப்பக்கம் திரும்பும் லாரியின் ஓரத்தில் நிற்பவர், முன்சக்கரம் தன்னைத் தாண்டிவிட்டது என்று நிம்மதியடையும்போது பின்சக்கரம் அவரை நோக்கி ஒதுங்கி வரும். மணலி, எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரிகளோடு தினமும் சாலையைப் பகிர்ந்துகொள்பவர்கள் இதை மனதில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். லாரி டிரைவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். இடப்பக்கம் கதவுக்குக் கீழே ஒட்டி நிற்பது எதுவும் அவருக்குத் தெரியாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. சிக்னலில் லாரிக்குப் பக்கத்தில் நிற்காமல், அதற்குப் பின்னால் நின்றுவிடுங்கள்.

ஓரத்திலும் ஓரமாக

"ஓரமா போ" என்றுதான் எல்லாரும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இடப்பக்கம் போவது சரி. ஆனால் தார் முடியும் விளிம்பை ஒட்டியே போனால் மணல், உடைந்த சாக்கடை மூடி, தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடிப் பள்ளம் என்று எல்லாம் அங்கேதான் இருக்கும். அவற்றுக்காக வெடுக்கென்று வலப்பக்கம் ஒடிக்கும்போதுதான் பின்னால் வருபவர் தடுமாறுகிறார். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, நேர்கோட்டில் போய்க்கொண்டிருங்கள். மழைக்காலத்தில் தேங்கிய நீருக்குள் வண்டியை விடாதீர்கள்; அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ரிம் நனைந்தால் பிரேக் கட்டை உடனே பிடிக்காது என்பதால் முன்கூட்டியே பிரேக் பிடிக்க வேண்டும்.

நிறுத்தியிருக்கும் கார்களைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலத்துக்காவது விலகிப் போங்கள். கார் வைத்திருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: டிரைவர் சீட்டிலிருந்து இறங்கும்போது கதவை இடக்கையால் திறந்துபாருங்கள். உடம்பு திரும்பும், கூடவே கண்ணும் பின்னால் போகும், வருகிற சைக்கிள் தெரிந்துவிடும்.

வலப்பக்கம் திரும்பும்போது பலர் கையை நீட்டியதுமே திரும்பிவிடுகிறார்கள். முதலில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும், பிறகு கை காட்ட வேண்டும், வழிவிடுகிறார்கள் என்று தெரிந்தபிறகு மெல்ல நகர வேண்டும். தலையைத் திருப்பினால் ஹாண்டில்பாரும் சேர்ந்து திரும்புகிறது என்றால், காலியான மைதானத்தில் பழகிவிட்டு வாருங்கள். அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகளில் நடுவுக்குப் போக முயலவே வேண்டாம். இடப்பக்கமாகவே போய், சிக்னலில் இறங்கி, நடப்பவர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு கடப்பதுதான் புத்திசாலித்தனம்.

மார்கழி விடியல்

பேப்பர் போடும் பையன்களும் பால் கொண்டுபோகிறவர்களும் விடியும் முன்பே சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்கள். பின்னால் மட்கார்டில் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்கும். ஆனால் கேரியரில் கட்டிய பேப்பர் கட்டோ, தொங்கும் கேனோ அதை மறைத்துவிடும். சில வண்டிகளில் சேறு படிந்து அது இருப்பதே தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்குச் சுமார் 17 மீட்டர் நகர்கிறது. டிரைவர் கவனித்து, காலை பிரேக்குக்கு மாற்ற ஒன்றரை நொடி எடுத்தால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 25 மீட்டர் போய்விடும். மங்கலான தெருவிளக்கில் கறுப்புச் சட்டையும் கறுப்புச் சைக்கிளும் 25 மீட்டருக்குள் வந்த பிறகே பல நேரங்களில் கண்ணுக்குப் படுகின்றன. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, இரண்டும் வேண்டும். டைனமோ விளக்கு வண்டி நின்றால் அணைந்துவிடும். ஆகவே பின்னால் பேட்டரி விளக்கு ஒன்றைச் சுமைக்கு வெளியே தெரியும்படி மாட்டுங்கள். சுமையின் மீதே மாட்டினாலும் சரி.

அதே வேளையில் வாசலில் கோலம் போடுபவர்கள் தெருவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருப்பார்கள். கோலம் பெரிதாக ஆக, பின்னால் நகர்ந்து நகர்ந்து தெருவின் நடுவுக்கே வந்துவிடுவார்கள். சைக்கிள் சத்தமில்லாத வண்டி. நாம் வருவது அவர்களுக்குத் தெரியாது. பத்து மீட்டர் முன்னாலேயே ஒரு முறை மணி அடித்து, வேகத்தைக் குறைத்து, விலகிப் போக வேண்டும். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் திடுக்கிட்டு எந்தப் பக்கம் எழுவார்கள் என்று சொல்ல முடியாது. கோலத்தின் மேல் சக்கரத்தை ஏற்றாமல் போவதும் மரியாதை.

நடப்பவர்களிடம் எப்போதுமே இந்தப் பொறுமை வேண்டும். நடைபாதையில் கடையும் டிரான்ஸ்பார்மரும் பைக்குகளும் நிற்பதால்தான் அவர்கள் சாலையில் இறங்குகிறார்கள். அவர்களைப் பார்த்து "ஓரமாப் போகக்கூடாதா" என்று கேட்பது அநியாயம். நெரிசலைத் தவிர்க்க நடைபாதையில் ஏறி ஓட்டுவதும் அப்படித்தான். வெள்ளைக்கோட்டில் ஒருவர் கால் வைத்துவிட்டால் நின்றுவிடுங்கள், வளைந்து அவருக்கு முன்னாலோ பின்னாலோ நுழையாதீர்கள். காது கேளாத முதியவர் மணிக்கு ஒதுங்கமாட்டார். நடைவேகத்தில் பின்னாலேயே வந்து, இடம் கிடைத்ததும் விலகிக் கடக்க வேண்டும்.

ஹாண்டில்பாரில் தொங்கும் பையும், காற்றில் பறக்கும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கும். பையைக் கேரியரில் கட்டுங்கள், துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு இரண்டு சைக்கிள்கள் சேர்ந்து போவது பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆனந்தம்தான், ஆனால் அதை மைதானத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

பிள்ளைக்குப் புதிதாகச் சைக்கிள் வந்திருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பள்ளிவரை நீங்களும் கூட ஓட்டிப் போய் வாருங்கள். பிள்ளை முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் வாருங்கள். பஸ் எங்கே நிற்கும், லாரி எந்த முனையில் திரும்பும், எந்தச் சந்திலிருந்து ஆட்டோ திடீரென்று வரும், எந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும் என்று அங்கங்கே நிறுத்திக் காட்டுங்கள். திரும்பி வரும்போது அதையெல்லாம் பிள்ளையே உங்களுக்குச் சொல்லட்டும்.