பள்ளிக்கூடத்திலிருந்து ஆன்லைன் படிப்புக்கு: மலையில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

நீலகிரி மலையில், கோத்தகிரியில் சாயங்கால டியூஷன் நடத்துகிறேன். “பிள்ளையை ஸ்கூல்ல இருந்து நிறுத்திட்டோம் டீச்சர், இனி ஆன்லைன்லயே படிக்கட்டும், எந்த ஆப் நல்லா இருக்கும்?” என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. ஆப் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். பாடம் நடத்தும் வீடியோ எங்கும் கிடைக்கும், ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எந்த ஆப்பும் தராது, அதைத் தருவது தேர்வு வாரியம். அதனால் முதலில் வாரியம், பிறகு டி.சி., பிறகு இன்டர்நெட், அப்புறம்தான் ஆப். இந்த வரிசை மாறினால் பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடும்.

பதினான்கு வயது முடிந்த பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அதற்குக் கீழே என்றால் அவசரப்படாதீர்கள், கட்டாயக் கல்விச் சட்டமே 6 முதல் 14 வயது வரை பள்ளியில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

படி 1: காரணத்தைக் கேளுங்கள்

ஏன் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள், ஒரே நாளில் பதில் வராது. என் அக்கா மகளுக்கு வீசிங். டிசம்பர், ஜனவரி உறைபனியில் காலை ஏழு மணிக்குப் பஸ்ஸுக்கு நின்றால் அன்று ராத்திரி முழுக்க மூச்சு இழுக்கும், மாதத்தில் பாதி நாள் லீவு. அவளுக்கு வீட்டுப் படிப்பு சரியாக வந்தது. ஆனால் கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள், ஒரு வாத்தியாரைப் பார்த்தாலே பயம், கணக்கு ஏறவே இல்லை என்பவை வேறு வகை. அவற்றுக்கு வேறு பள்ளியோ வேறு செக்‌ஷனோ போதும், ஆன்லைனுக்கு மாற்றினால் பயம் அப்படியே இருக்கும், பிள்ளை மட்டும் தனியாகிவிடும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

படி 2: எதை இழக்கிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள்

இதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் நீங்கள் விட்டுக்கொடுப்பது வகுப்பறையை மட்டும் இல்லை. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் பள்ளிப் படிப்பை எங்கே படித்தோம் என்பதுதான் தகுதி. எட்டாவதில் நிறுத்தினால் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும், அப்புறம் ஒட்ட வைக்க முடியாது. தோட்டத்தில் கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற குடும்பத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் சின்னப் பணம் இல்லை. இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் பன்னிரண்டு முடிந்துவிடும் என்ற நிலையில் இருந்தால், தலைமை ஆசிரியரிடம் பேசி மருத்துவச் சான்றிதழோடு லீவு வாங்கிப் பரீட்சை எழுத வழி உண்டா என்று பார்ப்பதுதான் நல்லது.

படி 3: வாரியத்தைத் தேர்ந்தெடுங்கள்

வழக்கமான சி.பி.எஸ்.இ. பள்ளியில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும், டம்மி அட்மிஷனை அந்த வாரியம் கடுமையாகப் பார்க்கிறது.

நமக்கு உண்மையில் இரண்டு வழிகள். ஒன்று தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், எல்லாரும் என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள், 1989 முதல் நடக்கிற மத்திய அரசு வாரியம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது, பன்னிரண்டுக்கு 15 வயது முடிந்திருக்க வேண்டும். ஐந்து பாடங்கள், அதில் ஒரு மொழியாவது கட்டாயம். பத்தாம் வகுப்பைத் தமிழ் மீடியத்திலும் எழுதலாம். பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது முறை பரீட்சைக்கு வாய்ப்பு, பாஸான பாடத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. உடம்புக்கு முடியாத பிள்ளைக்கு இந்தத் தளர்வு பெரிய வரம்.

பாடம் எடுக்கும்போது ஒரு இடத்தில் பெற்றோர் உறுதியாக நிற்க வேண்டும். கணக்கு கட்டாயம் இல்லை என்று தெரிந்ததும் பாதிப் பிள்ளைகள் அதை விட்டுவிடப் பார்ப்பார்கள். பதினொன்றில் அறிவியல் குரூப், பாலிடெக்னிக் என்று ஏதாவது யோசனை இருந்தால் கணக்கும் அறிவியலும் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது வழி, நம் மாநில வாரியத்திலேயே தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுவது. பதினாலரை வயது முடிந்திருக்க வேண்டும், அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். அதே சமச்சீர்ப் புத்தகம்தான், கையில் இருக்கிற புத்தகமும் கைடும் வீணாகாது. செய்முறைப் பதிவைத் தவறவிட்டு ஒரு வருடம் காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தேதி கேட்டுக் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

வெளிநாட்டு வாரியங்களும் உண்டு, செலவு நம் கைக்கு அடங்காது, விட்டுவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ‘ஒரே மாதத்தில் பத்தாவது பாஸ்’ என்று ஒட்டியிருக்கிற நோட்டீஸ் பக்கமே போகாதீர்கள். பின்னால் எந்தக் கல்லூரியில் சேரப் போகிறதோ அந்தக் கல்லூரியிலோ, பதினொன்றுக்குத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பதானால் அந்தப் பள்ளியிலோ, “இந்த வாரியச் சான்றிதழை ஏற்பீர்களா” என்று இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: காகிதங்கள்

என்.ஐ.ஓ.எஸ். சேர்க்கை இணையத்தில்தான். அடுத்த ஏப்ரல் தேர்வுக்கு வழக்கமாக மார்ச் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரையும், அக்டோபர் தேர்வுக்குச் செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரையும் அபராதமில்லாமல் சேரலாம். அந்தந்த வருடத்துத் தேதியை அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் டி.சி. கேட்க வேண்டும்.

ஆதார், பிறப்புச் சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ் நான்கையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், டி.சி.யில் பின்னால், பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இருக்காது. சான்றிதழில் எந்தப் பெயர் ஏறுகிறதோ அதுதான் ஆயுளுக்கும். பொருந்தாததை இ-சேவை மையத்திலும் ஆதார் மையத்திலும் திருத்திய பிறகு விண்ணப்பத்தைத் தொடுங்கள். விண்ணப்பத்தை வீட்டிலேயே நிரப்பலாம், அவசரத்தில் கடையில் கொடுத்தால் கைப்பேசி எண்ணாக அவர்கள் எண்ணைப் போட்டுவிடுவார்கள், ஹால் டிக்கெட் தகவல் உங்களுக்கு வராது.

படி 5: சிக்னல், கரண்ட், மழை

பிள்ளை எந்த இடத்தில் உட்கார்ந்து படிக்கப் போகிறதோ அங்கேயே நின்று, சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு மணிக்குள், வீட்டில் இருக்கிற ஒவ்வொரு சிம்மையும் போட்டு வீடியோ ஓட்டிப் பாருங்கள். நம் ஊரில் ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் முழு கோடு காட்டும், அந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது. ஃபைபர் இணைப்பு வருகிற தெரு என்றால் அதுவே நல்லது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்குங்கள், கரண்ட் போனாலும் வகுப்பு அறுந்துபோகாது. ஃபோன் டேட்டாதான் என்றால் வீடியோ தரத்தை 480-ல் வைத்தால் மணிக்குச் சுமார் அரை ஜிபி போகும், தினசரி பிளானில் எவ்வளவு நேரம் வரும் என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் மழை பிடித்தால் இரண்டு மூன்று நாள் சிக்னலும் இருக்காது, கரண்டும் இருக்காது. ஆகவே மழைக்கு முந்தைய வாரமே ஒரு மாதப் பாடத்தைத் தரவிறக்கி வையுங்கள். சமச்சீர்ப் பாடப்புத்தகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அதில் இருக்கிற கியூ.ஆர். கோடை தீக்‌ஷா ஆப்பில் காட்டினால் அந்தந்தப் பாடத்தின் வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் ஓடுகிறது, இணையமே இல்லாத வீட்டுக்கும் அது கைகொடுக்கும். முடிந்தால் முக்கியமான பாடங்களைப் பிரின்ட் எடுத்து வையுங்கள்.

படி 6: ஒரு நாளை எப்படி ஓட்டுவது

மேஜை, நாற்காலி, காலை வெயில் விழுகிற ஜன்னல். கட்டிலில் கம்பளிக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு படிக்கிறேன் என்றால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடும், நம் குளிர் அப்படி. சிமெண்ட் தரையில் கால் சில்லிடாமல் ஒரு சணல் சாக்கை நான்காய் மடித்து மேஜைக்கு அடியில் போடுங்கள், பிள்ளை இன்னும் அரை மணி நேரம் கூடுதலாக உட்காரும்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி வரை புதுப் பாடம், சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் எழுத்து வேலை. இதற்கு மேல் முதல் மாதத்தில் வேண்டாம். வீடியோ பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், மூடி வைத்துவிட்டு எழுதச் சொன்னால்தான் எவ்வளவு ஏறியது என்று தெரியும். பரீட்சை மூன்று மணி நேரம் பேனாவால் எழுதுவது. மூன்று மாதம் திரையை மட்டும் பார்த்த பிள்ளை இரண்டாவது பக்கத்திலேயே விரலை உதறும், கையெழுத்து சாயும், கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேரம் இருக்காது. அதனால் லாங் சைஸ் நோட்டில் தினமும் ஒரு முழு விடை, சனிக்கிழமை கடிகாரம் வைத்து ஒரு பழைய வினாத்தாள். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் வீட்டில் எழுதி அனுப்புகிற ஒப்படைவுகளுக்கு 20 சதவீத மதிப்பெண் உண்டு, பாஸ் மார்க்கே 33 என்பதால் அதை லேசாக விடாதீர்கள்.

கூட்டாளிகள் இல்லாமல் பதினைந்து வயதுப் பிள்ளை வாடிப்போகும். கிளை நூலகம், மைதானம், டியூஷன், ஹட்டியில் (படுகர் ஊரில்) நடக்கிற திருவிழா வேலை என்று வாரத்தில் மூன்று நாளாவது சம வயதுப் பிள்ளைகளோடு இருக்கிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிற வீட்டில் பகலில் ஒரு முறை எட்டிப் பார்க்கப் பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று தம்பியைப் பார்க்கவும் ரேஷன் கடைக்குப் போகவும் படிப்பு நேரத்தில் அனுப்பாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு இது அதிகம் நடக்கிறது, எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம் இது.

படி 7: பரீட்சை

படிப்பு ஆன்லைன், பரீட்சை நேரில். அறிவியல் பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வுக்கும் மையத்துக்குப் போக வேண்டும், பக்கத்தில் மையம் இல்லாவிட்டால் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும். தேர்வு எழுத ஏப்ரலையே நான் சொல்வேன். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது, 2009 நவம்பரில் இந்த மலை பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. ஏப்ரலில் மழைப் பயம் குறைவு, ஆனால் சீசன் கூட்டம். மேலே வருகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள், பஸ் நேரம் எல்லாம் தள்ளிப்போகும்.

எந்த மாதமானாலும் முதல் தேர்வுக்கு முந்தைய நாள் மத்தியானமே இறங்கிவிடுங்கள். சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள். ஹால் டிக்கெட் இரண்டு பிரதி, அடையாள அட்டை, ஆதார், ஒரே நிற மையில் இரண்டு மூன்று பேனா, இவற்றை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பிள்ளையின் பையிலேயே வையுங்கள், உங்கள் பையில் வேண்டாம்.